முன்னால் லாரி, பின்னால் வெயில்

அன்புள்ள ஐயா,

ஆத்தூர் பக்கம் எங்களுக்கு ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி இருக்கிறது. குச்சிக்கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் விட்டு, மாவு படியும்வரை மணிக்கணக்கில் காத்திருப்போம். விட்டுவிட்டு நடக்கும் இந்த வேலை பழசு, நிற்காமல் பிரிக்கும் இயந்திரம்தான் முன்னேற்றம் என்கிறான் பொறியியல் படித்த மகன். சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி சரி. மாவு தண்ணீரில் கிடக்கக் கிடக்கப் புளிக்கும், நிறமும் மங்கும். சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கிறது. ஆனால் 'நிற்காமல்' என்று யாராவது சொன்னால் நான் உடனே நம்புவதில்லை.

கிணற்றுமேட்டு ஆயில் எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். நாலு ஸ்ட்ரோக்கில் ஒன்றில்தான் அது தள்ளும். மீதி மூன்றையும் ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரம் இழுத்துக்கொண்டு போகும். சத்தம் விட்டுவிட்டுத்தான் கேட்கும், பெல்ட் மட்டும் சீராக ஓடும்.

எஃகுத் தகடு ஆலையில் இதை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். (நம் சேலம் உருக்காலையின் சரக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுதான்.) தகடு உலைக்குள் போய், அமிலத் தொட்டியில் முங்கி, மறுமுனையில் வெளியே வருகிறது. நடுவில் நின்றுவிட்டால் அமிலம் தகட்டை அரித்துவிடும். ஆனால் ஒரு சுருள் தீர்ந்தால் அடுத்த சுருளின் முனையை அதன் வாலோடு பற்றவைக்க வேண்டுமே? அதற்குத் தகடு நின்றுதான் ஆக வேண்டும். அதனால் வாசலிலேயே உருளைகளுக்கிடையில் தகட்டை மடிப்பு மடிப்பாகத் தேக்கி வைக்கிறார்கள். லூப்பர் என்பார்கள். பற்றவைத்து முடிக்கும்வரை உள்ளே போவது அந்த இருப்புதான். மடிப்பு சுருங்கிக்கொண்டே வரும். அப்புறம் வாசல் பக்கம் வேகமாக ஓடி அதை நிரப்பிவிடும்.

1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையும் ஒரு லூப்பர்தான். வெள்ளம் வருவது சில வாரம், டெல்டாப் பயிர் தண்ணீர் கேட்பதோ மாதக்கணக்கில். அணை நிரம்பினால் நடுவில் 120 அடி உயரத்துக்கு 93.47 டிஎம்சி நிற்கும். அவ்வளவு தூரம் போவானேன், குழாய்த் தண்ணீரை நம்பியிருக்கும் எந்த வீட்டிலும் சம்ப் எதற்கு என்று கேட்டால் சொல்வார்கள்.

உங்கள் ஆலைக்கு வருவோம். கிழங்கு லாரி லாரியாகத்தான் வரும், பிடுங்கிய கிழங்கை இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்கவும் முடியாது. களத்தில் காய்வது பகலில் மட்டும். முன்னால் லாரி, பின்னால் வெயில் என்று இரண்டும் விட்டுவிட்டு வருகிறவை. நடுவில் உள்ள இயந்திரம் மட்டும் நிற்காமல் ஓடி என்ன ஆகப்போகிறது? இன்னொன்று, தொட்டியில் ஒரு தடவை மாவு கெட்டால் அந்தத் தொட்டியோடு போகும். தொடர்ந்து ஓடுவதில் கோளாறு தெரிவதற்குள் நல்லதும் கெட்டதும் ஒரே மூட்டையில் சேர்ந்திருக்கும்.

மூன்று நாள் மேகம் மூடிக்கிடந்தால் ஈர மாவை எங்கே வைப்பாய் என்று மகனிடம் கேளுங்கள். பதில் வைத்திருந்தால் இயந்திரத்தைத் தாராளமாக வாங்கலாம். தொட்டிகளை மட்டும் இப்போதைக்கு இடித்துவிடாதீர்கள்.