ஆலை வேலையிலிருந்து நம்பகத்தன்மை ஆய்வுக்குப் போகலாமா?

கேள்வி கேட்ட தம்பி மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனை ஆலையில் உதவிப் பொறியாளர். இயந்திர நம்பகத்தன்மை (இயந்திரம் எவ்வளவு காலம் பழுதில்லாமல் ஓடும் என்ற ஆய்வு), பராமரிப்புத் திட்டமிடல் ஆகியவற்றில் முனைவர் பட்டம் செய்து விரிவுரையாளராகலாமா, அது வெறும் கணக்குப் படிப்புதானா என்று கேட்கிறார். நானும் அந்த ஊர்தான். பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்தபோது பள்ளிக்குப் போனவன், இப்போது இதே துறையில் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறேன்.

போகலாம் தம்பி. கணக்கு இருக்கிறது, ஆனால் கஷ்டம் அதில் இல்லை.

சுவீடன் பொறியாளர் வலோடி வைபுல் 1951இல் எழுதிய கட்டுரையால் பரவலான, பாகங்களின் ஆயுளைக் கணிக்கும் சூத்திரத்தைத்தான் இன்றும் முதலில் எடுக்கிறோம். அதில் வடிவ அளவுரு என்று ஓர் எண் உண்டு. 1க்குக் கீழே என்றால் பாகம் புதிதிலேயே பழுதாகிறது. 1 என்றால் வயதுக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை. 1க்கு மேலே என்றால் தேய்மானம். பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் உங்கள் ஸ்க்ரூ பிரஸ்ஸின் வோர்ம், அதாவது சுழலும் திருகு, நாரும் கொட்டையும் மணலும் உரசித் தேய்வது. ஓடிய மணி பார்த்து மாற்றலாம். பேனலில் இருக்கும் எலக்ட்ரானிக் கார்டை அப்படி மாற்றினால் பெரும்பாலும் காசுதான் வீண். யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலனும் ஹீப்பும் 1978 அறிக்கையில், தாங்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 89 விழுக்காட்டுக்கு, இத்தனை மணி ஓடினால் மாற்று என்ற வயது வரம்பு பயன் தராது என்று காட்டினார்கள்.

எந்த வயதில் மாற்றுவது? பார்லோ, ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1960இலேயே வழி சொன்னார்கள்: திட்டமிட்டு மாற்றும் செலவையும் உடைந்தபின் மாற்றும் செலவையும் ஒப்பிட வேண்டும். ஆலையில் இந்த இரண்டாவது செலவு நிலையாக நிற்காது. பழம் குவியும் மாதங்களில் பிரஸ் நின்றால் பழக்குலை காத்திருக்காது, எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். பழம் குறைந்த மாதத்தில் அதே பழுது பாதி வலிகூடத் தராது. ஆலைக்கே நீராவி தரும் பாய்லர் நிற்கும் நாளில் வேறு எதையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்பதும் நல்ல ஆய்வுக் கேள்விதான்.

உண்மையான கஷ்டம் பதிவேட்டில் இருக்கிறது. ‘பேரிங் மாற்றப்பட்டது’ என்று மட்டும் எழுதியிருக்கும். உடைந்து மாற்றினார்களா, ஷட்டவுன் என்பதால் நல்லதையே கழற்றினார்களா? உடையாமல் கழற்றிய பாகமும் ‘இத்தனை மணி தாங்கினேன்’ என்று சாட்சி சொல்கிறது. அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் பாகத்தின் ஆயுள் குறைவாகத் தெரியும், தேவையில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்வோம். பாகம் ஏன் கழற்றப்பட்டது என்பதைச் சொல்லக்கூடியவர் ஃபிட்டர் அண்ணன்தான். அவரிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவர்தான் இந்தத் துறையில் நல்ல ஆய்வாளர் என்பது என் உறுதியான எண்ணம்.

துறையின் குறையும் இங்கேதான். புதுப்புதுக் கணித மாதிரிகளை உருவாக்கும் வேகத்தில் அவை பயன்படுமா என்று யோசிப்பதில்லை என இத்துறை ஆய்வாளர் பிலிப் ஸ்கார்ஃப் 1997இலேயே எழுதினார். இன்றும் ஒரு ஆலையின் தரவுகூட இல்லாத கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை தேவைப்படுவதால் நீங்களும் அந்தப் பக்கம் இழுக்கப்படுவீர்கள். பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் நம் ஊர்ப் பக்கத்துத் தென்னமாரத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கிய மண் நம்முடையது. நூறாண்டு அனுபவம், ஆனால் ஆலைகளின் பழுது வரலாறு ஆய்வில் போதிய அளவு வரவில்லையே என்பது என் ஆதங்கம். உங்களைப் போன்றவர்கள் வரவேண்டும் என்று நான் விரும்புவதும் அதனால்தான்.

வேலையை இப்போதே விடாதீர்கள். ஒரே ஒரு பிரஸ்ஸை எடுத்துக்கொண்டு, பாகம் போட்ட தேதி, ஓடிய மணி, கழற்றிய காரணம் மூன்றையும் ஒரு வருடம் எழுதி வையுங்கள். நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு, அந்தத் தாள்களோடு முனைவர் பட்ட வழிகாட்டியைப் போய்ப் பாருங்கள். அவற்றைப் புரட்டாமல் சமன்பாடு மட்டும் பேசுகிறவராக இருந்தால் வேறொருவரைத் தேடுங்கள்.