கணக்கை யார் வாசிப்பது?

அன்புள்ள அம்மா,

எனக்கு 28 வயது. ஓசூரில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஐந்து வருடமாக வேலை. சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிராமம். அப்பா மாந்தோப்பு குத்தகைக்கு எடுப்பவர், அம்மா மகளிர் குழுவில் இருக்கிறார். வேலையை விட்டுவிட்டுச் சமூகத் தொழில்முனைவு படிக்க ஆசை. வடக்கே ஒரு வருட ஃபெல்லோஷிப் கிடைக்கும்போல் இருக்கிறது. இல்லையென்றால் கடன் வாங்கி இரண்டு வருட முதுகலை. எது நல்லது? 28 தாமதமா? படித்து முடித்து, எங்கள் ஊர்ப் படிக்காத பெண்களுக்குத் தொழிலும் கணக்கும் கற்றுக்கொடுத்து, அவர்களை வைத்து மாம்பழக் கூழ் நிறுவனம் ஒன்று தொடங்க வேண்டும் என்பது கனவு. அப்பா இரண்டு மாதமாக என்னோடு பேசுவதில்லை. முடிந்தால் நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேச முடியுமா?

அன்புடன்,
எம்.

*

அன்புள்ள தம்பி,

என் அத்தை போன மாசியில் இறந்துபோனார். அவருடைய தகரப்பெட்டியைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த வாரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. பெட்டிக்கு அடியில் பால் சொசைட்டி அட்டைகள் ஒரு கட்டு, சணல் போட்டுக் கட்டியது. அதை மடியில் வைத்துக்கொண்டே உங்கள் கடிதத்தை வாசித்தேன். அதனால் இந்தப் பதில் நீங்கள் கேட்டதை விட்டு வேறெங்கோ போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டென்று சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 28 எல்லாம் ஒரு வயதா! படிக்கிற இடத்துக்குக் குறைவில்லை. குஜராத்தின் ஆனந்தில், அமுல் குரியன் 1979-இல் தொடங்கிய இர்மா என்ற ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனம் இருக்கிறது. 2025-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக அதுவே திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகம் ஆகியிருக்கிறது. 1947-இல் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல் பக்கம் தொடங்கிய காந்திகிராமம் உங்களுக்கு ஒரு ராத்திரி பஸ் தூரம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. இன்று அதன் லைகோ நிறுவனத்துக்குப் பல நாடுகளிலிருந்து வந்து நிர்வாகம் கற்றுக்கொண்டு போகிறார்கள். ஃபெல்லோஷிப்பும் நல்லதுதான். கடன் வாங்கிப் படிப்பதை மட்டும் யோசியுங்கள். கடனோடு வெளியே வருகிறவருக்குச் சம்பளம்தான் முதலில் கண்ணில் படும், ஊர் அப்புறம்தான். சரி, இது போதும்.

என்னைத் தைத்த இடம் வேறு. “படிக்காத பெண்களுக்குத் தொழிலும் கணக்கும் கற்றுக்கொடுத்து” என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் தம்பி, இந்தியாவிலேயே மகளிர் குழுக்கள் முதலில் வேர்பிடித்த இடங்களில் ஒன்று உங்கள் மண். 1989-இல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் கொடுத்த நிதியுதவியோடு தமிழக அரசு பெண்கள் குழுக்களைத் தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில். அப்போது கிருஷ்ணகிரியும் அதில்தான் இருந்தது. வாரம் தவறாமல் கூடி, சேமிப்பை எண்ணி, கடன் கொடுத்து, வட்டி போட்டு எழுதுகிற பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். உங்கள் அம்மா இருக்கிற குழுவின் தீர்மானப் புத்தகத்தை ஒரு நாளாவது கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் கடிதத்தில் ஒரு வரியாவது வந்திருக்கும். அம்மாவின் கணக்கைப் பார்க்காமல் கணக்கு படிக்க வடக்கே கிளம்புகிறீர்கள். இது எனக்குக் கோபமாகத்தான் வருகிறது.

இனி அத்தை.

கோபி பக்கம் எங்கள் ஊர். அத்தை பள்ளிக்கூடமே போகாதவர். பஸ் நம்பரும் ரூபாய் நோட்டும் தெரியும், எழுத்து தெரியாது. இரண்டு எருமை வைத்திருந்தார். 1984-இல் நான் பி.காம். இரண்டாம் வருடம். கோடை விடுமுறைக்கு வந்தபோது அத்தை அட்டையை நீட்டிக் கேட்டார்: “எருமைப் பால்ல ஆறுக்குக் கொறைஞ்சு வருமா கண்ணு? எத்தனை வெண்ணெய் தெரளுதுன்னு எனக்குத் தெரியாதா?” அட்டையில் தினமும் ஃபேட், அதாவது பாலின் கொழுப்புச் சதவீதம், 5.6, 5.5, 5.6 என்றே எழுதியிருந்தது.

சொசைட்டியில் பால் ஊற்றும்போது ஒரு சின்ன குப்பியில் சாம்பிள் எடுத்து வைத்துக்கொள்வார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகுதான் டெஸ்ட். மறுநாள் அட்டையில் ஏறுகிற எண்தான் பாலின் விலை. அடுத்த நாள் காலை அத்தையும் நானும் போகாமல் நின்றோம். நான் வணிகவியல் படிக்கிறவள், பார்த்தால் புரிந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்றும் புரியவில்லை. பக்கத்து ஊரில் டெஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் போனோம். அவர்தான் திண்ணையில் உட்கார்த்தி வைத்துக் காட்டினார்.

கண்ணாடிக் குழாயில் பத்து மில்லி கந்தக அமிலம். அதன்மேல் 10.75 மில்லி பால், ஓரமாக, மெதுவாக. பிறகு ஒரு மில்லி அமைல் ஆல்கஹால். ரப்பர் அடைப்பான் போட்டுக் குலுக்கினால் பால் காப்பி டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போய்விடும், குழாய் கையில் பிடிக்க முடியாமல் சுடும். பெரியவர் துண்டைச் சுற்றித்தான் பிடித்தார். அதைக் கையால் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜில் வைத்து ஐந்து நிமிடம் சுற்றி, வெந்நீரில் நிறுத்தி எடுத்தால், மேலே ஒடுங்கிய கழுத்தில் கொழுப்பு மட்டும் மஞ்சளாகத் தெளிந்து நிற்கும், உருக்கின நெய்யை ஊற்றி வைத்த மாதிரி. அந்த மஞ்சளின் அடிப்பக்கத்தை, அடைப்பானைத் திருகித் திருகி, சைபர் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அப்புறம்தான் மேல்முனையைப் படிக்க வேண்டும். அடி சைபருக்குக் கீழே இறங்கி நிற்கும்போது மேல்முனையை மட்டும் படித்தால் எண் குறைந்துதான் வரும். நீங்கள் தினமும் வெர்னியர் அளவுகோல் பிடிக்கிறவர், சைபர் பிழை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தைக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு தரம் பார்த்ததுமே சொன்னார்: “அடியப் பாக்காம தலைய மட்டும் பாத்து எழுதறான்.” நான் இன்னும் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த மாத அட்டை என் முன்னால் இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி வரை 5.6, 5.5, 5.6. பதின்மூன்றாம் தேதி காலை 6.7. அன்றைக்குத்தான் அத்தை டெஸ்ட் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று, “அடிய சைபர்ல நிறுத்திப் படி சாமி” என்றார். அடுத்த வாரம் பதினோரு பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் குழாயைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது அத்தை, நான் இல்லை.

பிறகு அந்தப் பெண்கள் பால் சங்கத்தின் வரவு செலவைக் கேட்டார்கள். அதற்குச் செயலாளர் சொன்ன பதில், “படிக்காத பொம்பளைகளுக்குக் கணக்கு எதுக்கு?” தம்பி, நாற்பது வருடம் கழித்து அதே சொல் உங்கள் கடிதத்தில், அன்பான குரலில் வந்திருக்கிறது. ஏன் தைத்தது என்று புரிகிறதா?

இதே விஷயத்தில் எனக்குப் பழைய சண்டை ஒன்று உண்டு. 1890-களில் சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் விவசாயக் கடன் வங்கிகளை ஆராயச் சொன்னது. 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். அவ்வளவு பெரிய அறிக்கையின் முடிவாக எல்லாரும் நினைவில் வைத்திருப்பது இரண்டே சொல்: ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள். ரைஃபைசன் ஜெர்மனியில் சிற்றூர் மேயராக இருந்தவர், கந்துவட்டியில் சிக்கிய உழவர்களைச் சேர்த்துக் கடன் சங்கங்கள் அமைத்தவர். பெரிய மனிதர், சந்தேகமில்லை. நிக்கல்சனின் உழைப்புக்குப் பின்னால்தான் 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது, அதே வருடம் திருவள்ளூர் பக்கம் திரூரில் முதல் விவசாயக் கடன் சங்கமும் வந்தது. ஆனால் அந்த இரண்டு சொல்லை நாம் பிடித்துக்கொண்ட விதம் தவறு. ஊருக்கு ஒரு ரைஃபைசனைத் தேடினோம். சில ஊர்களில் கிடைத்தார்கள். அவர்கள் போனதும் சங்கமும் போனது. இன்றைக்குச் சமூகத் தொழில்முனைவு என்று நடக்கிற வகுப்புகளில் நான் பார்த்த அளவில், பாதிக்கு மேல் நிறுவனரை உருவாக்குகிற பாடம்தான். உறுப்பினருக்கு என்ன பாடம்? உங்கள் கடிதத்திலும் நிறுவனர் இருக்கிறார், உறுப்பினர் இல்லை. “அவர்களை வைத்து” என்கிறீர்கள்.

வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள். கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா. அங்கே ஆன்டிகோனிஷ் என்ற சிற்றூரில் உள்ள செயின்ட் பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928-இல் ஒரு விரிவாக்கத் துறையை ஏற்படுத்தி, மோசஸ் கோடி என்ற பாதிரியாரிடம் கொடுத்தது. அவர் மீனவர் ஊர்களுக்கும் சுரங்கத் தொழிலாளர் ஊர்களுக்கும் போய்க் கூட்டம் போட்டார். கூட்டம் முடிந்ததும் ஊர் சின்னச் சின்னப் படிப்பு வட்டங்களாகப் பிரியும். அடுப்படியில், வாரம் ஒரு ராத்திரி, பத்துப் பேர். நாம் பிடிக்கிற லாப்ஸ்டர் (சிங்கி இறால்) யாரிடம் போகிறது, பாஸ்டனில் என்ன விலைக்கு விற்கிறது, நடுவில் நிற்பது எவ்வளவு? இதுதான் பாடம். படித்து முடித்த பிறகுதான் கடன் சங்கம், லாப்ஸ்டர் பதப்படுத்தும் கூடம், கடை. 1930-களின் கடைசியில் அப்படிப்பட்ட வட்டங்கள் ஆயிரத்துக்கும் மேல். சங்கம் தொடங்கி அப்புறம் பயிற்சி கொடுக்கலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

அதற்கும் முன்னால், இங்கிலாந்தின் ராச்டேலில் 1844-இல் மாவும் வெண்ணெயும் மெழுகுவர்த்தியும் விற்கக் கடை வைத்த 28 பேரைக் கூட்டுறவின் முன்னோடிகள் என்று பாடத்தில் படிப்போம். அவர்கள் லாபத்தில் இரண்டரை சதவீதத்தைப் படிப்புக்கென்று ஒதுக்கிவைத்ததை எத்தனை பேர் சொல்கிறோம்? கடைக்கு மேலேயே வாசகசாலை வைத்தார்கள்.

இதையெல்லாம் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நானே அந்தத் தவறைச் செய்தேன்.

பெண்கள் விடாமல் கேட்டு, அந்த வருடம் பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கப்பட்டது. வாசித்தது நான். பள்ளிக்கூட வராந்தாவில் நின்று ஒவ்வொரு வரியாக வாசித்தேன். ஒரே லோடு தீவனம் இரண்டு இடத்தில் எழுதியிருந்தது பிடிபட்டது. இருபது வயது எனக்கு. ஊரே என்னைப் பார்த்தது. அடுத்த இரண்டு வருடமும் பொதுக்குழுவென்றால் எனக்குச் சொல்லியனுப்புவார்கள், நான் ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து வாசிப்பேன். அந்தப் பதினோரு பேரில் ஒருத்திக்காவது வாசிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்தாவது வரை படித்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் போதும். நான் வாசிப்பது எனக்குப் பிடித்திருந்தது.

1987-இல் கல்யாணமாகித் திருச்சிக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கணக்கை யாரும் சத்தமாக வாசிக்கவில்லை. சங்கம் மறுபடி ஒரு கைக்குள் போய், ஏழெட்டு வருடத்தில் கலைந்தது. பெண்கள் போட்ட பங்குத் தொகைகூடத் திரும்பவில்லை. அத்தை என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

ஆனால் குழாயைப் படிக்கத் தெரிந்தது யாரையும் விட்டுப் போகவில்லை. பிறகு தனியார் வண்டிக்குப் பால் ஊற்றினார்கள். குழாய் போய் மெஷின் வந்தது, சீட்டு அடித்துக் கொடுக்கும். கண்புரை மூடி எண் தெரியாமல் போன காலத்திலும் அத்தை அந்தப் பையனிடம் கேட்பார்: “முந்தின சாம்பிளக் கழுவினியா? கழுவிட்டு என்னுதப் போடு.”

சரி, உங்கள் கூழ் நிறுவனம். தோத்தாபுரி மாம்பழக் கூழின் தரத்தை, இனிப்பை அளக்கிற பிரிக்ஸ் மீட்டரில்தானே பார்ப்பீர்கள்? கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. அந்த மீட்டர் யார் கையில் இருக்கும்? தண்ணீர்ச் சொட்டு விட்டுச் சைபர் சரிபார்ப்பது யார்? இப்போதைக்கு அந்தக் கேள்வி ஒன்றுக்கு மட்டும் விடை எழுதுங்கள். திட்ட அறிக்கை எல்லாம் பிறகு ஆகட்டும்.

வேலையை உடனே விட வேண்டாம். அம்மாவின் குழுக் கூட்டத்துக்கு மூன்று மாதம் போய் உட்காருங்கள், வாய் திறக்காமல். உழவர்களே பங்கு போட்டுச் சேர்கிற உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் பத்தாயிரம், மத்திய அரசு 2020-இல் தொடங்கத் திட்டம் அறிவித்ததே, அப்படிப்பட்ட அமைப்பு ஒன்று உங்கள் பக்கத்திலும் இருக்கும். அதன் பொதுக்குழுவுக்குப் போய், பங்கு வாங்கியவர்களில் பத்துப் பேரிடம் அவர்களுடைய கம்பெனிக்குப் போன வருடம் லாபமா நட்டமா என்று கேளுங்கள். நான் கேட்ட இரண்டு இடத்தில் தாங்கள் பங்குதாரர் என்பதே பலருக்குத் தெரியவில்லை. உங்கள் பக்கம் எப்படி என்று எனக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகு ஃபெல்லோஷிப்புக்குப் போனால் அங்கே என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அப்பாவின் எண்ணை அனுப்புங்கள். மாந்தோப்புக் குத்தகைக்காரர் என்றால் காய் காலத்தில் பேச நேரமிருக்காது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுகிறேன்.

அன்புடன்