எடையைச் சமமாக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தாய் புகைபிடித்தால் குழந்தைக்கு ஆபத்து என்றேன். என் நண்பர் மறுத்தார். எடை குறைந்து பிறந்த குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், புகைபிடிக்கும் தாய்மாரின் குழந்தைகளே அதிகம் பிழைக்கின்றனவாம். “எடையைச் சமமாக்கி ஒப்பிடுவதுதானே நியாயம்?” என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அவர் சொன்ன தகவல் பொய்யல்ல. கலிஃபோர்னியாவில் புள்ளியியலாளர் ஜேக்கப் யெருஷால்மி 1971இல் வெளியிட்ட ஆய்விலேயே அது இருக்கிறது. அமெரிக்காவில் 1991இல் பிறந்த குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு 2006இல் ஹெர்னாண்டெஸ்-டியாஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் மறுபடி கணக்கிட்டார்கள். எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால், புகைபிடிக்கும் தாய்மாரின் குழந்தைகளிடையே இறப்பு விகிதம் சுமார் 55 சதவீதம் அதிகம். 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்தால் சுமார் 21 சதவீதம் குறைவு!

தாயின் வயது, வறுமை போன்றவை புகைபிடிப்பதற்கு முன்பே இருப்பவை. அவற்றைச் சமமாக்கத்தான் வேண்டும். பிறப்பு எடை அப்படியல்ல, அதைக் குறைப்பதே புகைதான். புகையின் தீங்கில் ஒரு பகுதி எடை வழியாக வருகிறது என்றால், எடையைச் சமமாக்கும்போது அந்தப் பகுதியை நாமே கணக்கிலிருந்து அடித்துவிடுகிறோம். கணினியில் வயது, எடை போன்ற மாறிகளைச் சமமாக்க வேண்டிய பட்டியலில் சேர்க்கச் சேர்க்க ஆய்வு நேர்மையாகிவிடும் என்ற நம்பிக்கை உங்கள் நண்பருக்கு மட்டுமல்ல, ஆய்வேடு எழுதுகிறவர்கள் பலருக்கும் இருக்கிறது.

சரி, தீங்கு குறைந்து தெரியலாம். நன்மையாகவே தெரிவது எப்படி? புகைபிடிக்காத தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறந்தால் அதற்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும். பிறவிக் கோளாறாக இருக்கலாம். அது புகையைவிடக் கொடியது. எடை குறைந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்தால், புகையால் மெலிந்த குழந்தையை இப்படிப்பட்ட குழந்தையோடுதான் ஒப்பிடுகிறோம். பக்கத்தில் இருப்பது இன்னும் மோசமான நிலை என்பதால் புகை நல்லதுபோலத் தோன்றுகிறது.

கருவுற்ற பெண், “நான் புகைபிடித்தால் என் குழந்தைக்கு என்ன ஆகும்?” என்றுதான் கேட்பாள். தீங்கு எந்த வழியாக வந்தால் அவளுக்கு என்ன? அவளுக்குரிய விடை மொத்த விளைவு. எடை வழியாக எவ்வளவு, பிற வழிகளில் எவ்வளவு என்று பிரிப்பது வேறு கேள்வி. அதற்கு, எடையையும் இறப்பையும் ஒருசேரப் பாதிக்கும் காரணங்களையெல்லாம் அளந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவேட்டில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை.

அடுத்த முறை நண்பர் எடையைச் சமமாக்கினால், எடை எதனால் குறைந்தது என்று கேளுங்கள்.