பள்ளிக் கோச்சில் லிஃப்ட் இருக்குமா? இங்கிலாந்துக்கு வரவிருக்கும் ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். செவிலியர் பணிக்காகக் குடும்பத்துடன் லிங்கன்ஷயருக்கு வரவிருப்பதாகவும், சக்கர நாற்காலியில் இயங்கும் உங்கள் பதினொரு வயது மகளை வரும் செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். வாடகை, குளிர் உடை, மளிகைச் சாமான், பள்ளிப் பேருந்து என நான்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அரிசியும் பருப்பும் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. குளிர் உடையை இங்கே வந்து வாங்குவதே நல்லது. வாடகை நிலவரத்தை உங்கள் மருத்துவமனையில் ஏற்கெனவே வேலை செய்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். “2020 முதல் பிரிட்டனில் எல்லாக் கோச்சிலும் சக்கர நாற்காலி ஏறும் வசதி கட்டாயம் என்கிறார்களே, அப்படியானால் பள்ளிக் கோச்சிலும் இருக்கும் அல்லவா?” என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் விரிவாகப் பதில் எழுதுகிறேன். (கோச் என்பது இங்கே படியேறிப் போகும் உயரமான பயணப் பேருந்து.) 2013இல் திருச்சியிலிருந்து ஒன்பது வயது மகனுடன் வந்திறங்கியபோது நானும் இதையேதான் கேட்டேன். அன்று எனக்குத் தெளிவாகப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

இருக்கும் என்று நம்பி வீடு பார்த்துவிடாதீர்கள். இருக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலான பள்ளித் தடங்களில் இல்லை.

நீங்கள் கேள்விப்பட்ட சட்டம் உண்மையானதுதான். பி.எஸ்.வி.ஏ.ஆர். என்று இங்கே சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தவை. 22 பேருக்கு மேல் ஏற்றக்கூடிய பேருந்துகளும் கோச்சுகளும், குறிப்பிட்ட தடத்திலும் நேரத்திலும் கட்டணம் வாங்கி ஓடுமானால், சக்கர நாற்காலிக்கு 1300 மில்லிமீட்டர் நீளமும் 750 மில்லிமீட்டர் அகலமும் உள்ள இடம், ஏறி இறங்க லிஃப்ட் அல்லது சாய்தளம், நன்றாகக் கண்ணில் படும் நிறத்தில் கைப்பிடிகள், பெரிய எழுத்தில் தடப் பலகை ஆகிய அனைத்தும் வேண்டும் என்று அவை சொல்கின்றன. புதிய வண்டிகளில் தொடங்கிப் படிப்படியாகப் பழைய வண்டிகளுக்கும் கெடு வைத்தார்கள். ஒற்றை மாடிப் பேருந்துகளுக்கு 2016, இரட்டை மாடிப் பேருந்துகளுக்கு 2017, கோச்சுகளுக்கு 2020 ஜனவரி 1. உங்களுக்கு யாரோ சொன்னது இந்தக் கடைசித் தேதியைத்தான்.

ஆனால் “கட்டணம் வாங்கி” என்ற இடத்தில்தான் நம் பிள்ளைகளின் கதை தொடங்குகிறது. கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், அமர்த்தும் பள்ளிக் கோச்சில் ஏறுகிற பிள்ளைகள் எல்லோருமே இலவசப் பயணத்துக்கு உரியவர்கள் என்றால், அந்த ஓட்டம் இந்த விதிகளுக்குள் வருவதே இல்லை. காலியாகக் கிடக்கும் இருக்கைகளில் ஒன்றையாவது, தகுதி இல்லாத ஒரு பிள்ளையின் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு கவுன்சில் கொடுத்துவிட்டால், அதே கோச், அதே ஓட்டுநர், அதே தடம் அப்படியே விதிகளுக்குள் வந்துவிடும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை ஏற முடிகிறதா என்பதைப் பொறுத்து அல்லாமல், வேறொரு பிள்ளை பணம் கட்டியதா என்பதைப் பொறுத்து லிஃப்டின் தேவை முடிவாகிறது. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்றுவரை ஆறவில்லை.

2019இன் கடைசி மாதங்களில், கெடு நெருங்கிய பிறகு, இந்தச் சிக்கல் பெரிதாக வெடித்தது. சிறு கோச் நிறுவனங்கள் பழைய வண்டிகளை ஆண்டுக்கணக்கில் வைத்து ஓட்டுபவை. லிஃப்ட் பொருத்துவதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்றும், நாற்காலிக்கு இடம் விட்டால் இருக்கைகள் குறையும் என்றும் அவை முறையிட்டன. விதிகளிலிருந்து தப்பிக்கக் காலி இருக்கைகளை விற்பதையே நிறுத்திவிடலாமா என்று கவுன்சில்கள் யோசித்தன. அரசு, சமத்துவச் சட்டத்தின் 178ஆவது பிரிவைப் பயன்படுத்திப் பள்ளிக் கோச்சுகளுக்குத் தற்காலிக விலக்குக் கொடுத்தது. கோவிட் காலத்தில் அதை நீட்டித்தது. பிறகு 2022 ஆகஸ்டிலிருந்து 2026 ஜூலை 31 வரை என்று நடுத்தரக்கால விலக்கு ஒன்றை வழங்கி, சக்கர நாற்காலி ஏற்பாடு தவிர்ந்த மற்ற வசதிகளையாவது ஆண்டுக்கு ஆண்டு கூடுதல் வண்டிகளில் செய்து வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. படிக்கட்டும் கைப்பிடியும் முன்னேறின. லிஃப்ட்தான் பின்னுக்குத் தள்ளப்பட்டது. நிறுவனங்களின் செலவுக் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. இருபது ஆண்டுகள் அவகாசம் கொடுத்தும் ஆயத்தமாகாதவர்களுக்கு மேலும் அவகாசம் தந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

என் மகன் 2015இல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். அப்போது நாங்கள் இருந்த கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது), எங்கள் கிராமத்துப் பிள்ளைகளை ஏற்றிப் போக ஒரு பழைய கோச் வரும். அவனுக்கு மட்டும் தனியாக ஒரு டாக்சி. கவுன்சில் தன் கடமையைச் செய்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். வண்டி வந்தது, செலவும் எங்களுடையது அல்ல. ஆனால் பிள்ளைகளின் பாதி வாழ்க்கை அந்தக் கோச்சின் பின்வரிசையில்தான் நடக்கிறது. யாருக்கு யாருடன் சண்டை, எந்த ஆசிரியர் நல்லவர், சனிக்கிழமை யார் வீட்டில் கூடுவது என்பதெல்லாம் காலை எட்டு மணிக்குள் அங்கே முடிவாகிவிடும். அவன் பள்ளியை அடைவதற்குள் எல்லாப் பேச்சும் முடிந்திருக்கும். டாக்சி மாலையில் குறித்த நேரத்துக்கு வந்து நிற்கும் என்பதால், பள்ளிக்குப் பின் நடக்கும் சதுரங்கக் குழுவிலும் அவனால் சேர முடியவில்லை. ஒப்பந்தம் மாறும் ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய ஓட்டுநர் ஒருவர் வருவார். நாற்காலியை எப்படிக் கட்டுவது என்று அவருக்கு என் மகனே சொல்லிக்கொடுப்பான். 2020 வந்தால் கோச்சில் இடம் கிடைக்கும், கடைசி வகுப்பிலாவது நண்பர்களோடு போகலாம் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஆண்டு வந்தபோது விலக்கும் உடன் வந்தது.

இதற்காக நீங்கள் அஞ்சவேண்டாம் என்று சொல்லத்தான் அடுத்த செய்தி. விலக்கு வண்டிக்குத்தான், உங்கள் மகளைப் பள்ளிக்குக் கொண்டுசேர்க்கும் கவுன்சிலின் கடமைக்கு யாரும் விலக்குத் தரவில்லை. இங்கிலாந்தில் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 2 மைல், அதற்கு மேல் 16 வரை 3 மைல், பள்ளி அதைவிடத் தொலைவானால் இலவசப் பயணம் என்ற தூரக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். உடல் இயலாமையால் நடந்து போக முடியாத பிள்ளைக்கு அந்தத் தூரக் கணக்கே கிடையாது. பள்ளி ஒரு மைலுக்குள் இருந்தாலும் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரே நிபந்தனை, அது உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள, அவளுக்குப் பொருத்தமான, இடம் உள்ள பள்ளியாக இருக்க வேண்டும். பெயர் பெற்ற பள்ளி என்று தொலைவில் ஒன்றை நீங்களே விரும்பித் தேர்ந்தெடுத்தால், போக்குவரத்து உங்கள் பொறுப்பாகிவிடும். நம்மவர்கள் பலர் இதில்தான் இடறுகிறார்கள். உயர்நிலைப் பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி முந்தைய ஆண்டின் அக்டோபர் 31 என்பதால், தாமதமாக வருபவர்களுக்கு இடம் உள்ள பள்ளிதான் கிடைக்கும். அப்படியானால் இடம் உள்ளவற்றில் அருகில் எது என்று கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்குக் கவுன்சில் எழுதித் தரும் இ.எச்.சி. பிளான் என்ற கல்வி, உடல்நல, பராமரிப்புத் திட்டம் கிடைத்துவிட்டால் வண்டியும் தானாக வரும் என்றும் எண்ண வேண்டாம். போக்குவரத்துக்குத் தனி விண்ணப்பம் உண்டு.

கவுன்சிலிலிருந்து தொலைபேசியில் அழைத்து, “நீங்களே காரில் கொண்டுவிட்டால் மைலுக்கு இவ்வளவு தருகிறோம்” என்று கேட்கக்கூடும். உங்கள் சம்மதம் இல்லாமல் அதை உங்கள்மேல் சுமத்த முடியாது. மருத்துவமனையில் காலைப் பணி முறை இருக்கும் உங்களுக்கு அது சரிப்படாது என்றே நினைக்கிறேன். சரிப்படாது என்றால் பணிவாக மறுத்துவிடுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் இரண்டு கட்டமாக மேல்முறையீடு செய்யலாம்.

இங்குள்ள தமிழர்கள் சிலர் தரும் அறிவுரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் வாழ்பவர்கள், “இங்கே எல்லாப் பேருந்திலும் சாய்தளம் உண்டு, கவலையே வேண்டாம்” என்பார்கள். லண்டன் நகரப் பேருந்துகளைப் பொறுத்தவரை அது சரி. அங்கே 2005ஆம் ஆண்டின் முடிவிலிருந்தே அப்படித்தான். வயல்களுக்கு நடுவே கோச் ஓடும் கவுண்டிகளை அவர்கள் வாரக் கடைசியில் கூடப் பார்த்ததில்லை. இன்னொரு சாரார், பிள்ளையின் இயலாமையை வெளியே சொன்னால் விசாவுக்குப் பாதகம் என்று பயமுறுத்துவார்கள். இதை நான் கடுமையாகவே மறுக்கிறேன். உங்கள் விசாவில் பொதுநிதி, அதாவது பட்டியலிட்ட அரசு உதவிகள், கூடாது என்று எழுதியிருக்கும். ஊனமுற்ற பிள்ளைக்கான டி.எல்.ஏ. உதவித்தொகை அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆகவே அதற்கு விண்ணப்பிக்காதீர்கள். அரசுப் பள்ளிக் கல்வி அந்தப் பட்டியலில் இல்லை. பள்ளிக்குப் போகும் வண்டியைக் கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அந்தப் பயத்தால் ஒன்றரை வருடம் பிள்ளையை முதுகில் சுமந்து போன ஒரு தாயை எனக்குத் தெரியும். கேட்பது கௌரவக் குறைவு என்று எண்ணுகிறவர்களும் உண்டு. நான் திருச்சியில் எவரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள். இங்கே வந்து, ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, பதில் வராவிட்டால் அடுத்த கடிதம் எழுதக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமைதான்.

மகனின் டாக்சி அனுபவமே என்னை இப்போதைய வேலைக்கும் கொண்டுபோயிற்று. சில ஆண்டுகளாகப் பள்ளி மினிபஸ்ஸில் உதவியாளராக இருக்கிறேன். ஆகவே கையால் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நாற்காலியைத் தரையில் உள்ள தண்டவாளத்தோடு நான்கு பட்டைகளால் கட்டுவோம், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கொக்கிகள் நாற்காலியின் சட்டத்தில் மாட்ட வேண்டும், சக்கரத்திலோ கால் வைக்கும் பலகையிலோ மாட்டக் கூடாது. கட்டியபின் ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்ப்போம். அதன்பின் பிள்ளைக்குத் தனி பெல்ட். அது இடுப்பு எலும்பின்மேல் படிய வேண்டும், நாற்காலியில் கை வைக்கும் பகுதிக்கு மேலாகப் போகக் கூடாது. மேலாகப் போனால் பெல்ட் தளர்ந்து நின்று, வண்டி முட்டும்போது பிள்ளை கீழே சரிந்துவிடும். புதிய ஓட்டுநர்கள் அவசரத்தில் செய்யும் தவறு இதுதான். உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், தன் பெல்ட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் வயதுதான் அவளுக்கு.

இதிலிருந்து வரும் எச்சரிக்கை ஒன்று உண்டு. ஊரிலிருந்து கொண்டுவரும் நாற்காலியில் கொக்கி மாட்டும் இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, வாகனப் பயணத்துக்குச் சோதிக்கப்பட்டதற்கான ஐ.எஸ்.ஓ. 7176-19 என்ற தரக்குறி கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாற்காலியில் அமர்ந்தபடி அவளை ஏற்றிச் செல்ல மறுக்கக்கூடும். வந்தவுடன் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்து, என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் சக்கர நாற்காலிப் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள். அதற்குக் காத்திருக்க நேரிடும் என்பதால் முதல் வாரத்திலேயே கேட்பது நல்லது. நாற்காலியின் அளவையும் குறித்து வையுங்கள். கோச் விதிகள் 1200 மில்லிமீட்டர் நீளமும் 700 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட நாற்காலியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதைவிடப் பெரிதானால் லிஃப்ட் உள்ள வண்டியிலும் இடம் உறுதியில்லை.

பள்ளிச் சுற்றுலாவுக்கு அமர்த்தும் கோச் தனி வாடகை வண்டி என்பதால் அதற்கும் பி.எஸ்.வி.ஏ.ஆர். பொருந்தாது. ஆனால் சமத்துவச் சட்டப்படி நியாயமான மாற்றங்களைச் செய்வது பள்ளியின் கடமை. அதன் செலவை உங்களிடம் கேட்கக் கூடாது. லிஃப்ட் உள்ள கோச்சுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நாற்காலிக்கு இடம் விட முன்கூட்டியே இருக்கைகளைக் கழற்றி வைக்க வேண்டும் என்பதால், முதல் நாள் மாலை சொன்னால் நடக்காது. ஆண்டின் தொடக்கத்திலேயே சுற்றுலாத் தேதிகளைக் கேட்டு, “என் மகளும் அதே கோச்சில் வர வேண்டும்” என்று வகுப்பாசிரியருக்கு எழுதிவிடுங்கள். என் மகனை ஒருமுறை தனி டாக்சியில் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். மறுமுறை நான் முன்பே எழுதிக் கேட்டபின் லிஃப்ட் உள்ள கோச் வந்தது. அன்று மாலை அவன் தொண்டை கட்டும் அளவுக்குப் பாடிவிட்டு வந்தான்.

கவுன்சிலுக்கு அனுப்பும் போக்குவரத்து விண்ணப்பத்தோடு ஒரு மின்னஞ்சலும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் தடத்தில் ஓடும் கோச்சில் இருக்கைகள் விற்கப்படுகின்றனவா, அந்த வண்டி விலக்கில் ஓடுகிறதா, விலக்கு முடிந்தபின் அந்தத் தடத்துக்கு என்ன ஏற்பாடு, மகள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பயணம் செய்ய வழி உண்டா என்று அதில் கேளுங்கள். டாக்சிதான் தருவார்கள் என்றாலும் இதைக் கேட்டு வைப்பது அவசியம். கேட்பவர்கள் இருந்தால்தான் அடுத்த ஒப்பந்தத்தில் லிஃப்டைச் சேர்ப்பார்கள். செப்டம்பருக்கான ஒப்பந்தங்கள் கோடையிலேயே முடிவாகிவிடும். ஆகவே வீட்டு முகவரி உறுதியான அன்றே அனுப்பிவிடுங்கள்.