எங்கெல்பர்ட், மதராஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘ரிலீஸ் மீ’ என்ற ஆங்கிலப் பாட்டைப் பாடிய எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் மதராஸில் பிறந்தவர் என்று இப்போதுதான் தெரிந்தது. பெருமையாக இருக்கிறது. அவர் உடம்பில் ஒரு துளியாவது தமிழ் ரத்தம் இருக்குமா? குடும்பப் பதிவுகளை எங்கே தேடலாம்? இந்த விசித்திரமான பெயர் எப்படி வந்தது?

அன்புள்ள நண்பருக்கு,

பிறந்தது உண்மைதான். 1936 மே 2, அப்போது வைத்த பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி. அப்பா மெர்வின் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர், அம்மா ஆலிவ், பிள்ளைகள் பத்துப் பேர். பையனுக்குப் பத்து வயது இருக்கும்போது குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டருக்குப் போய்விட்டது. ரத்தத் துளி எண்ணுவதை விடுங்கள், ஜாதகம் பார்த்துப் பெண் கொடுக்கப்போகிறீர்களா என்ன? 1967ல் பிரிட்டனில் பீட்டில்ஸையே முதலிடத்துக்கு வரவிடாமல் நிறுத்திய பாட்டு ‘ரிலீஸ் மீ’. குரலைக் கேளுங்கள்.

ஆனால் பதிவு என்று எழுதினீர்களே, கொஞ்ச நாளாக நான் நினைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். மதராஸ் மாகாணத்து தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றுக்கு நகல் எழுதி லண்டனுக்கு அனுப்புவார்கள். அவை இப்போது அங்கே பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன; அதன் இந்தியா ஆபீஸ் (இந்திய ஆட்சியை லண்டனிலிருந்து கவனித்த அலுவலகம்) ஆவணங்களில் என்/2 வரிசை முழுக்க மதராஸ்தான். ஞானஸ்நானப் பக்கத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், ஊர், அப்புறம் அப்பாவின் தொழில். அம்மா என்ன செய்தாள் என்று எழுத இடமே கிடையாது. இன்னும் பழைய பக்கங்களில் அம்மா இந்தியப் பெண்ணாக இருந்தால் பல சமயம் பெயரும் இருக்காது. நீங்கள் தேடும் துளி ஏதோ ஒரு குடும்பத்தில் இருந்திருந்தாலும், எழுதியவரே அதை விட்டிருப்பார்.

என் பாட்டியின் பிள்ளைகள் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதப் பிறந்தநாள்தான், தலைமையாசிரியர் வயதுக்குத் தோதாகப் போட்டது. பாட்டியைக் கேட்டால் சின்னவன் வெள்ளம் வந்த ஐப்பசியில் பிறந்தான் என்பாள், அம்மை போட்ட வருஷம் நடுவில் ஒன்று போய்விட்டது என்பாள். போன பிள்ளைக்கு எந்தக் காகிதமும் இல்லை, பாட்டியின் வாய் மட்டும்தான். அவளுக்கோ ரேஷன் கார்டில் ஒரு வயது இருந்தது, கணக்கெடுக்க வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டது. உங்கள் பாட்டியின் அம்மா பெயர் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். தெரியாதென்றால் முதலில் ஊருக்குப் போன் போட்டு வயதான அத்தை யாராவது இருந்தால் கேட்டு எழுதிவையுங்கள், ஆலிவ் டார்சியின் வம்சம் அதுவரை காத்திருக்கும்.

பெயர் கேட்டிருந்தீர்கள். ஜெர்ரி டார்சி என்ற பெயரில் பாடி எடுபடவில்லை. 1965ல் மேனேஜர் கோர்டன் மில்ஸ் ஒரு ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளரின் பெயரை அப்படியே எடுத்து இவருக்கு வைத்துவிட்டார். அந்த மில்ஸும் 1935ல் மதராஸில் பிறந்தவர்தான். பெருமைப்பட இன்னோர் ஆள் கிடைத்தாயிற்று, அவருடைய ரத்தத்தைப் பற்றியும் எனக்கு எழுதிவிடாதீர்கள்.