நேராகக் கேட்கலாமா? வேலூர் மனநல மருத்துவரின் பதில்கள்

குடியாத்தத்திலிருந்து ஓர் அக்கா: ‘நான் இருந்து என்ன ஆகப்போகிறது’ என்கிறான் தம்பி. தற்கொலை எண்ணமா என்று நானே கேட்டால், இல்லாத நினைப்பை ஊட்டியதாகிவிடாதா டாக்டர்?

ஆகாதம்மா. கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ‘தப்பாக எதுவும் நினைக்கவில்லையே?’ என்று மட்டும் கேட்காதீர்கள்; ‘இல்லை’ என்ற பதிலை நீங்களே எடுத்துக்கொடுக்கும் கேள்வி அது. ‘செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால் உடனே புத்திமதியில் இறங்க வேண்டாம். எப்போதிலிருந்து, ஏதாவது ஏற்பாடு செய்திருக்கிறானா, இன்று ராத்திரியை எப்படிக் கழிப்பான் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஏற்பாடு வரை போயிருந்தால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள்.

ஆற்காடு, நர்சிங் மாணவி: தற்கொலை அபாயத்தை அளக்கும் கேள்வித்தாளில் ஒருவருக்கு மதிப்பெண் குறைவாக வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா மேடம்?

கூடாது. மதிப்பெண்ணை வைத்து யார் மறுபடி முயல்வார் என்று கணிக்காதீர்கள், யாருக்குச் சிகிச்சை என்றும் முடிவு செய்யாதீர்கள் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மாலையில் நிதானமாகப் பேசியவர், ராத்திரி வட்டிக்காரர் வாசலில் வந்து கத்தினால் அதே ஆளாக இருக்கமாட்டார். முன்பு முயன்றாரா, குடி, தூக்கம், கடன், வீட்டில் துணை யார் என்பதையெல்லாம் எழுதுங்கள். இதுவரை எது தடுத்தது என்றும் கேளுங்கள். ‘சின்னவளுக்கு யார் தலை பின்னுவார்கள்’ என்று ஒரு தாய் சொன்னால், அதே வார்த்தைகளில் எழுதி வையுங்கள். அந்த எண்ணம் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று அவரோடு சேர்ந்து எழுதும் பாதுகாப்புத் திட்டத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கணியம்பாடி, ஆசிரியர்: சாகப்போவதாகப் பிள்ளைகள் சும்மா மிரட்டுகிறார்கள் என்கிறார்களே?

உங்கள் ஒன்றியத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் திரட்டிய தகவல் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 10 முதல் 19 வயதில், பையன்களைவிடப் பெண்பிள்ளைகளின் தற்கொலை விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல். மிரட்டல் என்று தள்ள எனக்குத் துணிவில்லை.

விவசாயி ஒருவர்: தற்கொலைக்கு முயன்ற மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள் ஆகிறது. சிரிக்கிறாள். இனி பயமில்லையே?

நல்லதுதான் ஐயா. ஆனாலும் வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் அதிகக் கவனம் வேண்டிய காலம். பூச்சிமருந்து வீட்டில் இருக்கவே வேண்டாம். மாத்திரையை வாரத்துக்கு வாரம் வாங்கி நீங்களே கொடுங்கள்.

தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகுமா?

மருத்துவமனை தகவல் கொடுக்கலாம். ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. வேறுவிதமாக நிரூபித்தாலொழிய தண்டனை கிடையாது. பயந்துகொண்டு பொய்க் காரணம் சொன்னால் சிகிச்சைதான் தவறும்.

ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது?

டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். சுகாதார உதவி எண் 104ம் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் 108.