பகால் மன்னரின் வயது

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாயா மன்னர் பகாலைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அவருடைய கல்லறை மூடியில் செதுக்கியிருப்பது விண்கலம் ஓட்டும் மனிதன் என்றார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். கல்வெட்டின்படி அவர் 80 வயது வாழ்ந்தவர். எலும்பை ஆராய்ந்தவர்களோ 40, 50 வயதுதான் இருக்கும் என்றார்களாம். தன் வயதையே கூட்டிச் சொன்ன மன்னர் வெட்டிவைத்த வரலாற்றை எதற்கு நம்பவேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விண்கலத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்தப் படத்தைப் படுக்கைவாட்டில் காட்டுவார்கள். அப்போதுதான் ஒருவர் குனிந்து எதையோ ஓட்டுவதுபோல் தெரியும். நிமிர்த்திப் பாருங்கள். கீழே பாதாளத்தின் திறந்த தாடைகள், அதில் மல்லாந்து சாய்ந்த பகால், அவருக்கு மேலே உலக மரம், உச்சியில் பறவை. பகாலின் மகன் கான் பாலம் கட்டிய சிலுவைக் கோயிலின் பலகையிலும் இதே மரமும் பறவையும் உண்டு. அங்கே எதையும் ஓட்டுபவர் இல்லை. தென்மெக்சிகோவில், பகால் ஆண்ட பலென்கேயைச் சுற்றிய ஊர்களில் சோல் என்ற மாயா மொழி பேசுபவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோரின் கைவேலையை வேற்றுக்கிரகத்தார் கணக்கில் எழுதுவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

சரி, வயது. பகாலின் கல்லறை இருக்கும் கல்வெட்டுக் கோயிலின் தரைக்கல் ஒன்றில் துளைகள் இருப்பதை அகழ்வாய்வாளர் ஆல்பெர்ட்டோ ருஸ் கவனித்தார். கல்லைப் பெயர்த்தால் கீழே படிக்கட்டு. முழுக்கக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்திருந்தார்கள். அதைத் தோண்டி அடியை எட்டும்போது 1952 ஆகிவிட்டது. கல்பேழைக்குள் சாதிலிங்கச் செந்தூள் படிந்த எலும்புகளும் ஜேட் முகமூடியும் இருந்தன. அன்று மாயா எழுத்தை முழுமையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. எனவே எலும்பையும் பல்லையும் மட்டும் வைத்து 40 முதல் 50 என்று மதிப்பிட்டார்கள். 1973-இல் பலென்கேயில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் லிண்டா ஷீல், பீட்டர் மேத்யூஸ், ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி மூவரும் மன்னர் வரிசையைப் படித்துக் காட்டினார்கள். அதன்படி பகாலின் பிறப்பு கி.பி. 603, முடிசூடியது 615, இறப்பு 683. ருஸ் இதை ஏற்கவில்லை.

எனக்கு இதில் மிக எளிய சான்றாகப் படுவது பிள்ளைகளின் வயது. கான் பாலம் பிறந்தது 635-இல், தம்பி கான் ஹோய் சிதாம் பிறந்தது 644-இல். 683-இல் தந்தைக்கு 50 வயதுதான் என்றால், மூத்தவன் பிறந்தபோது அவருக்கு இரண்டு வயது! அப்புறம், ஐம்பதைத் தாண்டியவர்களின் வயதைக் குறைத்துக் காட்டுவது பழைய எலும்பு மதிப்பீடுகளின் தெரிந்த குறைதான். பல் தேயாததற்கும், அரண்மனையில் மென்மையான உணவு உண்டதைக் காரணமாகச் சொல்கிறார்கள். எலும்புத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்த பிந்தைய ஆய்வு, அவர் முதல் மதிப்பீட்டைவிட நிச்சயம் மூத்தவர் என்றது. ஆக, வயதில் பொய் இல்லை.

ஆனால் உங்கள் கேள்வி வயதோடு நிற்கவில்லை. மன்னரின் எழுத்தை நம்பலாமா என்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் நம்பமுடியாது. தன் குலம் தெய்வத்தோடு தொடர்புடையது என்று சொல்லும் இடத்தில் அவர் வழக்காடுகிறார். அவருக்கே வலிக்கும் ஒன்றைச் சொல்லும் இடத்தை நான் நம்புகிறேன், கல்வெட்டுக் கோயிலில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. 599-இலும் 611-இலும் கலக்முல் என்ற மற்றொரு மாயா அரசு பலென்கேயைத் தாக்கியது. அடுத்து 613-இல் மாயா நாட்காட்டியின் ஒரு காலச்சுற்று முடிந்தபோது தெய்வங்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்ய முடியவில்லை. “தெய்வீகப் பெண்மணி தொலைந்தாள், அரசன் தொலைந்தான்” என்று அந்தச் சுவர் சொல்கிறது. வெற்றிப்பட்டியலுக்கு நடுவே வரும் வரி இல்லை இது. அடுத்தடுத்த காலச்சுற்றுகளில் எந்தெந்தத் தெய்வத்துக்கு என்ன அணிகலன் படைத்தார் என்று பகால் வரிசையாகச் சொல்வதே, விட்டுப்போன அந்த வழிபாட்டுக்கு ஈடு செய்யத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மெக்சிகோ போகிறவர்கள் மூடியைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த வரியைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும்.

அந்த நிலையில்தான் 12 வயதுப் பையன் அரியணை ஏறினான். அவன் தந்தை கான் மோ ஹிஷ் அரசர் அல்லர். உரிமை தாய் சாக் குக் வழியாக வந்தது. அரண்மனையின் நீள்வட்டப் பலகையில் இரட்டைத்தலைச் சிறுத்தை ஆசனத்தில் பகால் அமர்ந்திருக்க, தாய்தான் தலையணியை நீட்டுகிறார். தாய் 640-இல் இறந்துவிட்டார். அரண்மனையின் அந்தப் பகுதியோ அதற்கும் பிந்தியது. அத்தனை ஆண்டு ஆண்டபின்னும் முடி யார் கையிலிருந்து வந்தது என்பதைக் காட்டவேண்டியிருந்தது.

கல்பேழையின் பக்கங்களிலும் இதே வாதம்தான். மூடியின் படம் பரவிய அளவுக்கு இந்தப் பக்கங்கள் பரவவில்லை. முன்னோர் பத்து உருவங்களாக, ஒவ்வொருவரும் ஒரு பழமரத்தோடு மண்ணைப் பிளந்து எழுகிறார்கள். கொக்கோ, கொய்யா, வெண்ணெய்ப்பழ மரங்கள் அதில் உண்டு. தாயும் தந்தையும் இரண்டு முறை வருகிறார்கள். பகாலுக்கு முன் ஆண்ட இஷ் யோல் இக்னல் என்ற அரசியும் இரண்டு முறை. அடுத்த காணொளியில் மூடியை மட்டும் காட்டினால், பக்கங்கள் எங்கே என்று கேளுங்கள்.

அன்புடன்.